மாட்டைத் தொட்டீர்களா?

1

எடின்பரோவுக்குத் தெற்கே நான் வேலை பார்க்கும் பண்ணைக்குப் போகும் பேருந்து காலை ஆறே முக்காலுக்கு எங்கள் தெருமுனைக்கு வரும். பாதி நாட்கள் பனிமூட்டம்தான். ஜன்னல் கண்ணாடியில் தலையைச் சாய்த்துக்கொண்டால் தூக்கமும் இல்லாத, விழிப்பும் இல்லாத ஒரு நிலை வரும். அந்த நேரத்தில் வெளியே வெள்ளையாக எது நின்றாலும் அதற்குப் பின்னால் மலை இருப்பதாகத்தான் மனம் எடுத்துக்கொள்கிறது. திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் எந்தப் பக்கம் திரும்பினாலும் இருக்குமே, அந்த மலை. மூட்டம் விலகினால் ஒரு பெட்ரோல் பங்க் தெரியும். பதினேழு வருடமாகியும் மனம் திருந்தவில்லை.

நான் பன்றிகளோடு வேலை செய்பவள். ஊரில் இருப்பவர்களுக்கு இதை இவ்வளவு நேராக எழுதுவது இதுதான் முதல் தடவை. சென்னையில் கால்நடை மருத்துவம் படித்தேன். கல்யாணமாகி இங்கே வந்தபோது, அந்தப் பட்டத்தோடு மருத்துவராக இருக்க மறுபடியும் பரீட்சைகள் எழுத வேண்டும் என்றார்கள். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு அது முடியவில்லை. ஓர் ஆய்வுப் பண்ணையில் பராமரிப்பு வேலைக்குச் சேர்ந்தேன், அப்படியே தங்கிவிட்டேன். கீழ்பென்னாத்தூர் பக்கத்தில் இருக்கும் என் அக்கா மல்லிகா, உறவுக்காரர்கள் கேட்டால் "அவ ஏதோ லேப்ல இருக்கறா" என்று சொல்லிவிடுவாள். பன்றி என்ற சொல்லை அவள் என்னைப் பற்றிய பேச்சில் சேர்த்ததே இல்லை. நானும் சேர்க்கச் சொன்னதில்லை.

எங்கள் பண்ணைப் பன்றிகள் மரபணு திருத்தப்பட்டவை. பன்றிகளுக்கு ஒரு வைரஸ் நோய் உண்டு. அது வந்தால் சினைப்பன்றிகள் குட்டியை இழக்கும், பிறந்த குட்டிகள் மூச்சுக்குத் திணறிச் சாகும். அந்த வைரஸ் உடம்புக்குள் நுழைய ரத்தத்தில் உள்ள ஒரு வகை செல்லின் மேல் கொக்கி போல ஒன்று வேண்டும். கரு ஒரே ஒரு செல்லாக இருக்கும்போதே அந்தக் கொக்கியில் ஒரு சிறு துண்டை விஞ்ஞானிகள் எடுத்துவிடுகிறார்கள். அப்படிப் பிறக்கும் குட்டி மற்ற குட்டிகளைப் போலவே ஓடும், தின்னும், சண்டை போடும். வைரஸ் வந்தால் பிடித்துக்கொள்ள இடமில்லாமல் போய்விடும். திருத்துவது என் வேலை இல்லை. தீனி போடுவது, எடை பார்ப்பது, பிரசவம் பார்ப்பது என் வேலை.

உள்ளே போகும்போது தலை முழுகிக் குளித்து அவர்கள் கொடுக்கும் உடுப்பை மாற்ற வேண்டும். வெளியே வரும்போது மறுபடி ஒரு குளியல். ஒரு நாளைக்கு மூன்று முறை குளிக்கும் என் கூந்தல் என்றுமே காய்ந்ததில்லை. என் மகள் மீராவுக்கு அந்த வாசனையே பிடிக்காது. பதினாறு வயது. பதினான்கிலேயே கறியையும் பாலையும் விட்டுவிட்டாள். "நோய் வராதுன்னா இன்னும் நெருக்கமா அடைச்சு வளப்பாங்க. அதுக்குத்தான் நீங்க ஹெல்ப் பண்றீங்க," என்பாள், தமிழும் ஸ்காட்லாந்தும் கலந்த ஒரு தமிழில். நான் பதில் சொல்வேன். அவள் பதிலுக்குப் பதில் சொல்வாள். பிறகு அவரவர் அறைக்குப் போய்விடுவோம்.

2

போன வருடம் அக்கா மகள் செல்விக்குத் திருமணம் நிச்சயமானது. மூன்று வார விடுப்புக் கேட்டேன். பண்ணை மேலாளர் ஃபியோனா ஒரு படிவத்தைக் கொண்டுவந்து வைத்தார். திரும்பி வந்ததும் நிரப்ப வேண்டியது, ஆனால் போகும் முன்பே படித்துக்கொள் என்றார். ஏழாவது கேள்வி இப்படி இருந்தது: வெளிநாட்டில் இருந்தபோது மாடு, ஆடு, பன்றி எதையாவது தொட்டீர்களா? அவை இருக்கும் கொட்டகைக்குள் சென்றீர்களா? ஆம் என்றால் பதினான்கு நாட்கள் பண்ணைக்குள் வரக்கூடாது.

"நம்ம பன்றிகளுக்கு ஒரு நோய்தான் வராது, சாந்தி. மத்ததெல்லாம் வரும்," என்றார் ஃபியோனா.

கோமாரியைத்தான், மாடு, ஆடு, பன்றி எல்லாவற்றுக்கும் வாயிலும் குளம்பிலும் புண் வைக்கும் அந்த நோயைத்தான், சொல்கிறார் என்று எனக்குத் தெரியும். நம் ஊரில் கோமாரி வருவதும் போவதுமாக இருக்கும். இங்கே அது இல்லை. வந்தால் சுற்றுவட்டாரத்துப் பண்ணைகளில் உள்ள உயிர்களை எல்லாம் கொன்று புதைப்பார்கள். செருப்பில் வரும், துணியில் வரும், மனிதர் மூக்குக்குள் ஒட்டிக்கொண்டுகூட வரும்.

இன்னொரு காரணமும் இருந்தது. பிறந்த நாளிலிருந்து நான் வளர்த்த ஒரு பன்றி, நான் திரும்பி வரும் வாரம் குட்டி போட இருந்தது. எங்கள் பன்றிகளுக்கு எண்தான், பெயர் வைக்கக் கூடாது. நான் மனசுக்குள் அல்லி என்று கூப்பிடுவேன். தாயும் தந்தையும் இரண்டுமே திருத்தப்பட்டவையாக இருந்து பிறக்கப்போகும் முதல் ஈற்று அது. இத்தனை வருடமும் அதற்காகவே அங்கே நின்றதைப் போல எனக்கு ஒரு நினைப்பு.

அதனால் அக்கா வீட்டில் தங்குவதில்லை என்று முடிவு செய்தேன். அங்கே மூன்று கறவை மாடுகள்.

"வீடு இருக்கறப்ப ரூம் எடுத்து தங்கறேன்னு சொல்றியே, ஜனங்க இன்னா நினைப்பாங்க? தங்கச்சிக்கு சோறு போட மாட்டேன்னா?" என்றாள் அக்கா போனில்.

"மாடு இருக்குதில்லக்கா. மாட்டுக்கிட்ட போனா என்னை வேலைக்கு உள்ள விட மாட்டாங்க."

"ஏன், என் மாட்டுக்கு இன்னா வியாதி? நல்லாத்தான் தின்னுக்கினு இருக்குது."

"வியாதி இருக்கணும்னு இல்ல. ரூல்ஸ் அப்படி."

"இன்னா ரூல்ஸோ," என்று வைத்துவிட்டாள்.

கணவருக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. நானும் மீராவும் செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்குப் பக்கத்துச் சந்தில் ஓர் அறை எடுத்தோம். வீட்டுக்காரர் என்னிடம் இங்கிலீஷில்தான் பேசினார். நான் தமிழில் பதில் சொன்னால் "உங்க தமிழ் நல்லா இருக்கு, எங்க கத்துக்கிட்டீங்க?" என்றார். கீழ்பென்னாத்தூரில் என்றேன். நம்பவில்லை.

நேரம் மாறிய உடம்பு பகலில் தூங்கியது. விழிக்கும்போதெல்லாம் ஜன்னலில் மலை இருக்கும். ஒரு முறை ஊதாவாக, ஒரு முறை மேகத்தில் பாதி மறைந்து, ஒரு முறை வெயிலில் காவி போல. எழுந்துவிட்டேனா, பேருந்தில்தான் இருக்கிறேனா என்று கொஞ்ச நேரம் தெரியாது. அந்த மயக்கத்தை விரட்ட எனக்கு மனமில்லை. மாலையில் கிரிவலப் பாதையில் நடப்போம். அங்கே மாடுகள் தாராளமாகத் திரியும். போகிறவர்கள் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். மாட்டைக் கண்டால் எதிர்ப்பக்கம் ஒதுங்கிப் போனது அந்தப் பாதையில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். "அம்மா, நீங்க பேயைப் பாத்த மாதிரி ஓடறீங்க," என்று மீரா சிரித்தாள்.

வந்த மூன்றாம் நாள் வியாழக்கிழமை. அக்காவைக் குளித்துத் துணி மாற்றிக்கொண்டு அறைக்கு வரச் சொன்னேன். நான் போக முடியாதே. கோபமெல்லாம் மறந்து முதல் பஸ்ஸில் வந்துவிட்டாள், தூக்குவாளியில் கறிக்குழம்போடு. ஆறு வருடம் கழித்துப் பார்க்கிறோம். சாயங்காலம் வரை கட்டிலில் உட்கார்ந்து பேசினோம். என்ன பேசினோம் என்று இப்போது கேட்டால் சொல்லத் தெரியாது. அவள் என் ஈரக் கூந்தலைப் பிரித்துச் சிக்கெடுத்துக்கொண்டே இருந்தாள், நான் பாதியில் தூங்கிவிட்டேன் என்பது மட்டும் ஞாபகம்.

3

அடுத்த வாரம் போய் அதற்கடுத்த வாரம் திங்கட்கிழமை, திருவண்ணாமலை மண்டபத்தில் கல்யாணம் நன்றாக நடந்தது. பந்தியில் மீராவுக்கு மோர் வேண்டாம், நெய் வேண்டாம் என்று நான் ஒவ்வொருவரிடமும் விளக்கிக்கொண்டிருந்தேன். "பாப்பாவுக்கு உடம்பு சரியில்லையா?" என்று எல்லோரும் கேட்டார்கள். மாலையில் செல்வி புருஷன் வீட்டுக்குக் கிளம்பியதும் அக்கா முகம் வாடிப்போனது. மீரா சட்டென்று, "நான் பெரியம்மாவோட போறேன்," என்றாள்.

"ரூல்ஸ் தெரியுமில்ல?"

"ரூல்ஸ் உங்களுக்கு. நான் டூரிஸ்ட்டா, ரூம்ல இருக்க?"

திரும்பி வரும்போது துணியை அங்கேயே மாற்றிக் குளித்துவிட்டு வர வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன். தலையாட்டினாள். பெரியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வேனில் ஏறினாள். என் கையை அவள் அப்படிப் பிடித்து எத்தனை நாளாயிற்று என்று யோசித்துக்கொண்டே அறைக்கு வந்தேன்.

இரண்டு நாள் கழித்துக் காலையில் போன் செய்தாள்.

"அம்மா, பெரியம்மாவோட மாடு அழுவுது."

"பசிச்சா கத்தும்டி."

"கத்தல. வாயால அழுவுது."

முதலில் சிரித்தேன். பத்து வயது வரை அவள் தமிழை இப்படித்தான் தானாகவே செய்துகொள்வாள், மழைக்குத் தும்மல் என்பாள், பனிக்கு உப்பு என்பாள். சிரித்து முடிக்கும் முன்பே எனக்கு அர்த்தமாகிவிட்டது. வாயால் அழுவது. கயிறு கயிறாக எச்சில் ஒழுகுகிறது.

"காலைத் தூக்கித் தூக்கி வைக்குதா?"

"ஆமா. டான்ஸ் மாதிரி. பெரியம்மா உங்ககிட்ட சொல்லாதேன்னு சொன்னாங்க."

4

ஆட்டோ பிடித்துப் போனேன். வழி நெடுக நான் என்ன செய்யப்போகிறேன் என்று நினைக்கவே இல்லை. எங்கள் பக்கம் மணிலா என்று சொல்லும் வேர்க்கடலை வயல்கள் மெல்ல நகர்ந்தன. வெயில் இளசாக இருந்தது. எல்லாம் வேறு யாருக்கோ நடப்பது போல இருந்தது.

அக்கா மாட்டுக்கொட்டாய் வாசலில் நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும் இரண்டு கையையும் விரித்து மறித்தாள்.

"அங்கயே நில்லு. உள்ள வராத. உன் வேலை போயிடும்."

"வேலை போவாதுக்கா. பதினாலு நாள் லீவு போடணும், அவ்வளவுதான்."

"அந்தப் பதினாலு நாள்ல உன்னுது ஏதோ குட்டி போடணுமே. மீரா சொன்னா."

நான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன்.

மூன்று மாடுகளுக்கும் வந்திருந்தது. நாக்கில் தோல் உரிந்து ரத்தச் சிவப்பாக இருந்தது. குளம்பு இடுக்கில் புண். ஒரு மாதக் கன்று ஒன்று மூலையில் தலையைத் தரையில் வைத்துப் படுத்திருந்தது. அதன் பக்கத்தில் மீரா உட்கார்ந்திருந்தாள். இதற்கு மேல் தொடாமல் இருப்பதில் ஒன்றும் இல்லை. கையைக் கழுவிக்கொண்டு முதல் மாட்டின் வாயைத் திறந்தேன். எத்தனை வருடம் கழித்து ஒரு மாட்டின் நாக்கைப் பிடிக்கிறேன்! சூடும் கனமுமாக என் உள்ளங்கையில் கிடந்தது. சோடா உப்புக் கரைத்த தண்ணீரில் வாயைக் கழுவினேன். தேனில் கேழ்வரகு மாவைக் குழைத்துப் புண்ணில் தடவினேன். காலைக் கழுவ மீரா தண்ணீர் ஊற்றினாள். பன்றிக்கு நான் செய்வதைப் பார்க்க மாட்டேன் என்று சொன்னவள், குளம்புப் புண்ணைக் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பகலில் அரசு டாக்டர் வந்தார். சின்ன வயதுப் பெண், ஸ்கூட்டியில் ஐந்தாறு கிராமம் சுற்றுகிறவர். ஊசிகள் போட்டுக்கொண்டே அக்காவிடம் கேட்டார்:

"கோமாரி ஊசி கடைசியா எப்ப போட்டீங்க?"

"அது ஆறு மாசம் தாண்டிடுச்சுங்க."

"இந்த மாசம் எங்க டீம் வந்துச்சே? உங்க தெருவுல எல்லா மாட்டுக்கும் போட்டாங்களே?"

"அன்னிக்கி நான் ஊர்ல இல்லீங்க. பொண்ணும் வெளிய போயிருந்தா, வீடு பூட்டியிருந்துச்சு."

"என்னைக்கு வந்தாங்க, வியாழக்கிழமைதானே?"

அக்கா என் பக்கம் திரும்பவில்லை. "ஆமாங்க, வியாழக்கிழமை," என்றாள்.

டாக்டர் போன பிறகு நான் கணக்குப் போட்டேன். அன்று ஊசி போட்டிருந்தாலும் இவ்வளவு குறைந்த நாட்களில் அது முழுதாகக் காப்பாற்றியிருக்குமா என்று யாராலும் சொல்ல முடியாது. படித்தவள் என்ற முறையில் எனக்கு இது தெரியும். ஆனால் தெருவில் மற்ற மாடுகள் நின்றுகொண்டிருந்தன, இவை மூன்றும் படுத்திருந்தன. என் பன்றிகளைக் காப்பதற்காக நான் அவளை என் அறைக்கு வரவழைத்தேன். அவள் மாடுகள் பூட்டிய வீட்டுக்குப் பின்னால் நின்றிருந்தன.

மறுநாள் மதியம் கன்று செத்தது. காலையில் எழுந்து நின்று பால் குடித்தது, அதனால் பிழைத்துவிடும் என்று மீரா நம்பினாள். நான் நம்பவில்லை. கோமாரி பெரிய மாட்டைப் புண்ணாக்கும், இளங்கன்றின் இதயத்தைத் தாக்கும். நடந்துகொண்டிருக்கும்போதே விழுந்துவிடும். அப்படித்தான் விழுந்தது. மீரா அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, இங்கிலீஷில் ஏதோ தாலாட்டு மாதிரி சொல்லிக்கொண்டே இருந்தாள். அது போன பிறகும் நிறுத்தவில்லை.

புதைத்துவிட்டு வந்து கொட்டாய் ஓரம் உட்கார்ந்தோம். அக்கா கையில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள். பிறகு கேட்டாள்:

"நீ அங்க பன்னிக்கு நோயே வராத மாதிரி பண்றியாமே. மீரா சொன்னா. நிஜமா?"

"நான் பண்ணல. பண்றவங்களுக்கு உதவி பண்றேன்."

"அதே மாதிரி மாட்டுக்குக் கோமாரி வராம பண்ண மாட்டாங்களா?"

"பாத்துக்கினுதான் இருக்காங்க. கஷ்டம்க்கா. பன்னி நோய்க்கு ஒரு வாசல்தான், அதை அடைச்சாச்சு. கோமாரி நெறைய வாசல்ல வருது. அந்த வாசல் எல்லாம் மாட்டுக்கே வேணும். அதை அடைச்சா மாடு உயிரோட இருக்காது."

"அப்ப ஊசிதானா?"

"இப்பத்திக்கு ஊசிதான்."

அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை. "அக்கா, அந்த வியாழக்கிழமை..." என்றேன்.

"சும்மா இரு." என் முழங்காலில் ஓங்கித் தட்டினாள். "ஆறு வருஷம் கழிச்சு உன்னைப் பாக்கறேன். அன்னிக்கி கலெக்டர் கூப்பிட்டிருந்தாலும் போயிருக்க மாட்டேன்டீ."

மீதி இருந்த நாட்கள் அங்கேயே இருந்தேன். அறையை மறுநாள் காலி செய்துவிட்டோம். காலையும் மாலையும் வாய் கழுவுவது, கால் கழுவுவது. மூன்று மாடுகளும் மெல்லத் தலை தூக்கின. உறவுக்காரர் ஒருவர் பார்க்க வந்தபோது அக்கா, "என் தங்கச்சிதான் பாக்கறா, அவ மாட்டு டாக்டரு. அங்க பன்னிங்களுக்கு வைத்தியம் பண்றா," என்றாள். அந்தச் சொல்லை அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் கையிலிருந்த சொம்பு நழுவியது.

5

நானும் மீராவும் அங்கே போட்ட துணி, செருப்பு எதையும் கொண்டுவரவில்லை. எடின்பரோ விமான நிலையத்தில் நானாகவே போய்ச் சொன்னேன். அதிகாரி எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு பெட்டிகளைத் திறந்து பார்த்தார், ஷூக்களை மருந்துத் தண்ணீரில் முக்கச் சொன்னார். "மாட்டுக்கு இப்போ எப்படி இருக்கு?" என்று கேட்டார். அதை நான் எதிர்பார்க்கவில்லை. "கன்று செத்துவிட்டது," என்று தமிழில் பதில் சொல்லிவிட்டேன். மீராதான் மொழிபெயர்த்தாள்.

வரும்போது விமானத்தில் மீரா ஒன்று சொன்னாள். "நான் சொன்னது இன்னும் சரின்னுதான் நினைக்கிறேன். நெருக்கமா அடைப்பாங்க. ஆனா அந்தக் கன்னுக்குட்டிக்கு அதெல்லாம் தெரியாதுல்ல, வலி மட்டும்தானே தெரியும்." அவள் என் தோளில் சாய்ந்து தூங்கினாள்.

மறுநாள் படிவம் மின்னஞ்சலில் வந்தது. ஏழாவது கேள்வியின் முன்னால் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். விமான நிலையத்தில் சொன்னது பண்ணைக்குத் தெரியாது. கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவியாயிற்று, துணி எரித்தாயிற்று. அல்லி மூன்று நாளில் குட்டி போடும். இல்லை என்று ஒரு கட்டத்தில் குறி போட்டால் போதும்.

ஆம் என்று போட்டேன். கீழே விவரம் எழுத ஒரு சின்னப் பெட்டி இருந்தது. மூன்று மாடுகள், ஒரு கன்று, என் அக்காவுடையவை என்று எழுதினேன். அக்காவுடையவை என்பது அவர்களுக்குத் தேவையில்லை. ஆனாலும் எழுதினேன்.

ஃபியோனா போன் செய்தார். "எழுதினதுக்கு நன்றி," என்றார். அவ்வளவுதான்.

நான்காம் நாள் அவரிடமிருந்து ஒரு படம் வந்தது. பதினொரு குட்டிகள், வரிசையாக, இளஞ்சிவப்பாக, அல்லியின் வயிற்றோடு. எல்லாம் உயிரோடு. எனக்குப் பதிலாக வேறு ஒருத்தி பிரசவம் பார்த்திருந்தாள். நான் சோபாவில் படுத்துக்கொண்டு அந்தப் படத்தைப் பெரிதாக்கி, ஒவ்வொரு குட்டியின் மூக்கையும் பார்த்தேன். வெளியே மூட்டம். சந்தோஷமா வருத்தமா என்று பிரிக்கத் தெரியவில்லை. பதினைந்தாம் நாள் குளித்துவிட்டு உள்ளே போனபோது குட்டிகள் என்னைக் கண்டு மிரண்டு ஓடின. அல்லி மட்டும் எழுந்து வந்து என் முழங்கையை முகர்ந்தது.

6

போன வாரம் பேருந்தில் இருக்கும்போது அக்காவிடமிருந்து அழைப்பு. அங்கே பகல்.

"சாந்தி, மாடுங்களை வித்துட்டேன்டீ."

தூக்கக் கலக்கம் போய்விட்டது. "ஏன்க்கா? பால் திரும்பிடுச்சுன்னு சொன்னியே?"

"திரும்பிடுச்சு. முன்ன மாதிரி ஜாஸ்தி இல்ல, கம்மிதான். அதுக்கில்ல. செல்வியும் போயிட்டா. மாடு ஒரு தும்மல் போட்டா எனக்குப் படபடன்னு வருது. இனிமே முடியாது."

நாங்கள் இங்கே வருடக் கணக்காக ஒவ்வொரு வாசலாகத் தேடிக்கொண்டிருக்கிறோம். யாருக்காக என்று கேட்டால் எனக்கு முதலில் தோன்றும் முகம் இவளுடையதுதான். அவள் கொட்டாயைக் காலி செய்துவிட்டாள். கோபப்பட எனக்கு உரிமை இல்லை.

"கஷ்டமா இருக்குதாக்கா?" என்றேன்.

"முதல் ரெண்டு நாள் இருந்துச்சு. இப்ப காலைல ஆறு மணி வரைக்கும் தூங்கறேன். கல்யாணம் ஆனதுலருந்து நாலு மணிக்கு மேல படுத்ததே இல்ல. விடியக்காலத் தூக்கத்துல கனவு வருது, தெரியுமா உனக்கு? எனக்குத் தெரியவே தெரியாது." சிரித்தாள். "நேத்து அந்தக் கன்னுக்குட்டி வந்துச்சு. கையை நக்குச்சு. வாயைத் தொறந்து நாக்கைப் பாத்தேன். ஒரு புண்ணு இல்ல. அவ்வளவு சுத்தம். நீ பக்கத்துல நிக்கற. 'இது நீ பண்ணதாடீ?'ன்னு உன்னைக் கேக்கறேன்."

ஜன்னலுக்கு வெளியே வெள்ளையாக இருந்தது. எது என்று நான் பார்க்கவில்லை.

"இல்லக்கா," என்றேன். "இன்னும் இல்ல."

"கனவுலதானடீ கேட்டேன்," என்றாள் அக்கா. "கனவுலயாவது ஆமான்னு சொல்லக்கூடாதா?"